தடமில்லாக் காட்டில் தில்லை



சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரத்தைக் காண நகருக்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடல் சேரும் இடங்களுக்கு நடுவே, பிச்சாவரம் செல்ல வேண்டும். அந்த அலையாத்திக் காட்டினுள் ஒற்றையடிப் பாதையும் இல்லை. சேறு காலை உள்வாங்கும். சுரபுன்னையின் தாங்குவேர்கள் வழியை மறிக்கும். தில்லையின் பால் கண்ணிற்குத் தீங்கு. ஓடத்திற்கு வாய்க்கால் உண்டு. அதற்கப்பால் ஓதமே போய்வரும்.

ஆயினும் பாதையின்மை மட்டும் காட்டைக் காக்கவில்லை. முற்காலத்தில் மரத்திற்காகப் பகுதி பகுதியாக முற்றும் வெட்டினர். வெயில் பட்ட தரை தாழ்ந்தது, தேங்கிய கடல்நீர் வற்றி உப்பு மிகுந்தது, கன்றுகள் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விட்ட பின்னரே அங்கே பசுமை திரும்பியது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, காட்டின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைந்தது. 2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலமாயிற்று.

கொழுமீன் உண்ட நீர்நாய் தில்லைப் புதரில் துயில்வதை நற்றிணைப் புலவர் ஒருவர் பாடியுள்ளார். அவர் மரத்தை அறிந்து பாடியவர். இன்று தில்லை என்றதும் கோபுரமே நினைவில் எழுகிறது; அம்மரத்தின் இலையை அறிந்த கவிஞர் எத்தனை பேர்? கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் செல்வோர் துடுப்பை நிறுத்தச் சொல்லி, ஓடத்தில் அமர்ந்தவாறே சற்று நேரம் பார்க்கட்டும், இறங்க வேண்டா. வட்டத்தின் அடுத்த மலரில் தில்லை மரத்தைக் கண்டெழுதிய கவிதை ஒன்றேனும் இடம்பெறட்டும்.