கார்த்திகை விளக்கீட்டுக்கு ஒரு நாட் பயணம்
(மன்றக் கூட்டத்தில் பயணக் குழுவினர் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



கார்த்திகை பிறந்தால் இவ்வூவா மலையில் மழையும் கூடவே வந்துவிடும் என்பதை யாவரும் அறிவர். அந்த மழைக்கு நடுவில் ஒரு நாள், பசறைப் பக்கத்திலும் ஸ்பிரிங்வெளியிலும் டெமோதரையிலுமுள்ள நம் பிள்ளைகளைப் பதுளைக்கு அழைத்துச் சென்று, பகலில் ஊர் பார்த்து, அந்தியில் கோயிலில் விளக்கீடும் சொக்கப்பனையும் கண்டு, அன்றிரவே அவரவர் லயத்தில் கொண்டுவந்து சேர்ப்பது எவ்வாறு என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறோம். இது சின்ன விஷயந்தானே என்று சிலர் எண்ணலாம். ஊரார் பிள்ளைகளை ஒரு நாள் நம் பொறுப்பில் எடுத்துக்கொள்வது சின்ன விஷயமன்று.

மே மாதத்தில் வெசாக் தோரணங்களைப் பார்க்க நம்மவர் குடும்பத்தோடு போய்வருகிறார்கள். மின்விளக்கு இரவு முழுவதும் எரியும். எட்டு மணிக்குப் போனாலும் பார்க்கலாம், பத்து மணிக்குப் போனாலும் பார்க்கலாம். திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையுச்சியில் மாலை 6 மணிக்கு ஏற்றும் தீபமோ பல நாட்கள் எரிகிறது. பிந்தி வந்தவனுக்கும் காட்சி உண்டு. நம் ஊர்க் கோயிலில் அப்படியில்லை. சிட்டியில் ஊற்றிய எண்ணெய் தீருமட்டுந்தான் விளக்கு. சொக்கப்பனை கொளுத்தினால் சிறிது நேரத்தில் சாம்பல். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆகவே ஐந்தரை மணிக்கெல்லாம் எல்லோரும் கோயில் வாசலில் நிற்க வேண்டும். பயணத்தில் இந்த ஒரு நேரத்தை மட்டும் நம்மால் மாற்ற முடியாது.

எந்த நாளில் போவது? பஞ்சாங்கத்தைப் பார்த்தால் கார்த்திகை நட்சத்திரத்தில் குமாராலய தீபமும், பௌர்ணமியில் சர்வாலய தீபமும் குறித்திருக்கும். அந்தப் பௌர்ணமியையொட்டி வருவதே உந்துவப் போயா, நாடெங்கும் விடுமுறை. 2025ஆம் ஆண்டில் நட்சத்திரம் டிசம்பர் 3ஆந் திகதியும் போயா 4ஆந் திகதியும் வந்தன. இவ்வாறு இரண்டு நாளாக அமைந்தால் முதல் நாள் நம் லயத்து வாசலிலும் தோட்டத்துக் கோயிலிலும் விளக்கேற்றுவோம். மறுநாள் பதுளைக்குப் போவோம். விளக்கு நாளில் வீட்டை இருட்டாகப் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போவதா என்று சென்ற கூட்டத்தில் பெரியவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. இரண்டும் ஒரே நாளில் விழும் ஆண்டில் வீட்டுக்கு ஒருவராவது விளக்கேற்ற நின்றுகொள்ள வேண்டும் என்பதே எங்கள் அபிப்பிராயம். போயா நாளில் இன்னுமொரு வசதி: சாராயக் கடைகள் மூடியிருக்கும். அது யாருக்கு வசதி என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

பகற்பொழுதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பருவத்தில் காலை வெளுத்திருந்தாலும் பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும். ஆகவே துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். 210 அடி உயரத்திலிருந்து விழும் நீர் இந்த மாதங்களில் பெருகி நிற்கும். ஆனால் வீதியிலிருந்து ஒரு மைல் தூரம் வழுக்குப் பாதையில் நடக்க வேண்டும். முதல் நாளிரவு பெருமழை பெய்திருந்தால் அதை விட்டுவிடலாம். நீர்வீழ்ச்சி அடுத்த மாதமும் அங்கேயேதான் இருக்கும். மதியம் கட்டுச்சோறு. பின்னர் முதியங்கனை விகாரையையும், 1924இல் மலைநாட்டுப் பாதை வந்து முடிந்த புகையிரத நிலையத்தையும் பார்த்துவிட்டுக் கோயிலுக்குச் செல்லலாம். டெமோதரைச் சுற்றுப்பாதையைப் புகையிரதத்தில் ஏறிப் பார்க்க வேண்டுமென்று இளைஞர்கள் விரும்புகிறார்கள். அன்று வண்டி ஓடுகிறதா என்பதை நிலையத்தில் முன்கூட்டியே விசாரித்த பிறகுதான் அதை முடிவுசெய்வோம்.

இனிச் சொல்லப்போவதே முக்கியமானது. பயணம் போகிறவர்கள் எப்போது புறப்படுவது என்றுதான் முதலில் பேசுகிறார்கள். எப்போது திரும்புவது என்பதை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம். 2025 செப்டம்பர் 4ஆந் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில், உல்லாசப் பயணம் வந்து திரும்பிய பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் மாண்டார்கள். காலையில் அவர்களும் நம்மைப் போலச் சிரித்துப் பேசியே புறப்பட்டிருப்பார்கள். கடைசிப் பிள்ளை ஒன்பது மணிக்கு லயத்து வாசலில் இறங்க வேண்டுமென்றால், ஏழு மணிக்குப் பஸ் பதுளையை விட்டு நகர வேண்டும். சொக்கப்பனை எரிந்ததும் கடைவீதிக்கு நழுவும் வழக்கத்தை அன்று ஒரு நாள் மறந்துவிடுங்கள். சாரதிக்குச் சாப்பாடு கொடுத்து, பிற்பகலில் இரண்டு மணி நேரமாவது தூங்கவிட வேண்டும். விடியற்காலை முதல் ஓட்டிக் களைத்தவரை இருட்டில் மலையிறக்கத்தில் ஓட்டச் சொல்லக்கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ண வேண்டும். பெண்பிள்ளைகளைப் பெருவீதிச் சந்தியில் இறக்கிவிடாமல் வீட்டாரிடமே ஒப்படைக்க வேண்டும்.

போகாமலிருக்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது, எத்தனை வீதிகள் அறுந்தன என்பதை நீங்கள் மறந்திருக்க முடியாது. அதன் பின் ஒரு கிழமைக்குள் கார்த்திகை விளக்கு நாள் வந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படிகளில் விடுக்கிறது: மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேற்றம். செம்மஞ்சள் வந்தால் பயணம் இல்லை. பஸ்ஸுக்கு முற்பணம் கொடுத்துவிட்டோமே என்று எவரும் வாதாட வரவேண்டாம். அந்தப் பணம் போனால் போகட்டும். வழியில் ஆபத்தென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கைபேசி எடுக்காத பள்ளங்கள் நம் பக்கத்தில் பல உண்டு. ஆதலால் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பெரியவரிடம் நம் பயண நேரங்களை எழுதிக் கொடுத்துவிட்டே புறப்படுவோம். சொன்ன நேரத்துக்கு அரை மணி பிந்தினால் அவர் விசாரிக்கத் தொடங்கட்டும்.

பெயர் கொடுப்போர் வீட்டுப் பெரியவர் ஒருவரின் ஒப்பத்தோடும், லயத்து இலக்கத்தோடும், கட்டணத்தின் பாதியோடும் கார்த்திகை மாதம் பிறப்பதற்கு முன் மன்றத்தில் கொடுக்க வேண்டும். கட்டணம் முழுவதும் இயலாதவர் செயலாளரிடம் தனியே சொன்னால் போதும். ஆளுக்கொரு குடை, மாற்றுத் துணி, இரண்டு சிட்டி, ஒரு சிறு போத்தல் எண்ணெய், துன்ஹிந்தைப் பாதையின் அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு.