தலையில் மூட்டையோடு ஒரு கோடை



கோடை விடுமுறையில் பிரான்சுக்குப் போய்வந்த ஒரு மாணவனைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். அவன் பெயர் வில்லியம் வேர்ட்ஸ்வேர்த். போன ஆண்டு 1790. தமிழ் படிப்பிக்கிற ஒருவனுக்கு வேர்ட்ஸ்வேர்த்தோடு என்ன அலுவல் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடையாக முதலில் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஓகஸ்ட் விடுமுறை முடிந்து பிள்ளைகள் கல்லூரிக்குத் திரும்பியதும் ‘நான் சென்றுவந்த இடம்’ என்றொரு கட்டுரை எழுதக் கொடுப்பது என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்னர் பத்தாந் தரத்துப் பிள்ளையொருவன் பாரிசிலுள்ள தாய்மாமன் வீட்டுக்குப் போய்வந்திருந்தான். மற்றவர்கள் கதிர்காமம், நுவரெலியா, கோணேசர் கோயில் என்று எழுத, இவனிடம் நான் பெரிதாக எதிர்பார்த்தேன். வந்தது அரைப்பக்கம். ஈபெல் கோபுரத்துக்கு ஒரு வரி. வேர்சாய் மாளிகைக்கு இரண்டு வரி. மிச்சமெல்லாம் மாளிகை வாசலில் நீண்ட வரிசையில் நின்றபோது மாமா தன்னிடம் அம்மாவைப் பற்றிக் கேட்ட கேள்விகள். ‘தலைப்புக்கு அமைய எழுதவில்லை’ என்று சிவப்பு மையால் எழுதி இருபதுக்கு ஏழு போட்டேன். பின்னொரு நாள் வேர்ட்ஸ்வேர்த்தின் நெடுங்கவிதையை மீண்டும் எடுத்து வாசித்தபோதுதான் அந்த ஏழு என்னை உறுத்தத் தொடங்கியது.

அந்தக் கவிதை ‘பிரெலூட்’. தமிழில் பாயிரம் என்று சொல்லலாம். தன் மனம் வளர்ந்த கதையை அவர் அதிலே பாடியிருக்கிறார். 1805ஆம் ஆண்டு எழுதி முடித்தவர் சாகும்வரை அதை அச்சேற்றவில்லை. 1850 ஏப்ரலில் அவர் மறைந்த பின்னரே, மனைவி மேரி இட்ட பெயரோடு அது வெளிவந்தது. அதன் ஆறாம் பாகத்தில்தான் இந்தப் பிரான்ஸ் பயணம் வருகிறது.

பயணத்தின் பின்னணி முக்கியமானது. வேர்ட்ஸ்வேர்த் தாயை ஏழு வயதிலும் தந்தையைப் பதின்மூன்று வயதிலும் இழந்தவர். தந்தை ஒரு பெரும் பிரபுவிடம் சட்ட அலுவலராகக் கடமையாற்றியவர். அவருக்குச் சேரவேண்டிய பெருந்தொகையைப் பிரபு கடைசிவரை கொடுக்கவில்லை. ஐந்து பிள்ளைகளும் உறவினரின் தயவில் வளர்ந்தார்கள். அந்த உறவினர்களே வில்லியத்தைக் கேம்பிறிட்ஜுக்கு அனுப்பினார்கள். நன்றாகச் சித்தியெய்தி, கல்லூரியிலேயே ஒரு பதவியைப் பிடித்து, பிறகு குருவானவராகிவிட்டால் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வழி பிறக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. இறுதிப் பரீட்சைக்கு முந்திய நீண்ட விடுமுறையோ, கெட்டிக்கார மாணவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கணிதம் படிக்கும் காலம். அந்த விடுமுறையில்தான் இவர் மாமன்மாருக்கு ஒரு சொல்லும் சொல்லாமல், ரொபேர்ட் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் தேசத்துச் சிநேகிதனோடு கடல் கடந்தார். முன்கூட்டித் தெரிந்திருந்தால் அதைப் பைத்தியக்காரத்தனம் என்றே நினைத்திருப்பேன் என்று, அவரிடம் உயிரையே வைத்திருந்த தங்கை டொரதிகூடப் பின்னர் தோழிக்கு எழுதினார்.

ஆசிரியர் என்ற முறையில் இதை நான் மெச்சிப் பேசத் தயங்குகிறேன். 1791 ஜனவரியில் அவர் சிறப்புத் தேர்ச்சி எதுவுமின்றிச் சாதாரணப் பட்டத்தோடுதான் வெளியே வந்தார். போட்ட கணக்குப் பொய்த்தது. குடும்பத்துக்கு அது சிறிய இழப்பல்ல.

அக்காலத்தில் ஆங்கிலச் சீமான்களின் பிள்ளைகள் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போவதுண்டு. குதிரை வண்டி, வேலைக்காரன், வழிகாட்ட ஓர் ஆசிரியர், பெரிய வீடுகளுக்கு அறிமுகக் கடிதங்கள் எல்லாம் கூடவே போகும். இந்த இருவரிடமும் ஆளுக்கு ஏறக்குறைய 20 பவுண் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே துணியில் தைத்த மெல்லிய மேலங்கி. கையில் ஓக்குத் தடி. மாற்றுடைகளைக் கட்டிய மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். எங்கள் ஊரில் சந்தைக்குப் போகிறவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஆனால் பிரெஞ்சுக் கிராமங்களில் இந்தக் கோலத்தைக் கண்டவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். வேர்ட்ஸ்வேர்த் இதை மறைக்கவில்லை. தங்கைக்கு எழுதிய கடிதத்தில் தாமே சொல்லி மகிழ்கிறார்.

அவர்கள் கலே துறைமுகத்தில் இறங்கியது 1790 ஜூலை 13ஆம் திகதி. அடுத்த நாள் பஸ்தில் சிறை வீழ்ந்து ஓராண்டு நிறைவு. பாரிஸ் நகரத்துப் பெருவெளியில் மன்னர் பதினாறாம் லூயி மக்கள் முன்னிலையில் புதிய அரசியலமைப்புக்கு உண்மையாய் இருப்பதாகச் சத்தியம் செய்த நாள் அது. நாடு முழுவதும் விழா. கலேயிலும் விழா. அங்கிருந்து தெற்கே போகும் வழியெங்கும் வெற்றி வளைவுகளையும் வீட்டு யன்னல்களில் தொங்கிய மலர்மாலைகளையும் இரவிலும் திறந்த வெளியில் ஆடிய மக்களையும் இருவரும் கண்டார்கள்.

ஆனால் பாரிசுக்கு அவர்கள் போகவில்லை. உலகமே திரும்பிப் பார்த்த நகரத்தைப் பக்கத்தில் விட்டுவிட்டு அல்ப்ஸ் மலையை நோக்கி நடந்தார்கள். இருபது வயது வேர்ட்ஸ்வேர்த்துக்கு மலைதான் பெரிது. ஊரின் களிப்பு தம்மைத் தொட்டது என்றும், எனினும் அது தம் சொந்த அலுவல்போலப் படவில்லை, தூரத்தில் நின்று பார்ப்பவர்போலவே பார்த்தேன் என்றும் அவர் பின்னர் ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். பெரிய நிகழ்ச்சிகளின் நடுவே இருந்தவர்கள் எல்லாரும் அந்த நேரத்திலேயே அவற்றின் பொருளை உணர்ந்ததாகச் சொல்லிக்கொள்வதுதான் வழக்கம். இவர் அப்படிச் சொல்லவில்லை.

போகும் வழியில் அராஸ் என்ற ஊர். அங்கும் வானவில் நிறங்களில் தோரணங்கள், ஆட்டம், பாட்டு. அந்த ஊரில் பிறந்த வழக்கறிஞர் ஒருவர் அப்போது பாரிசில் தேசிய சபையின் உறுப்பினராக இருந்தார். பெயர் மக்சிமிலியன் றொபெஸ்பியர். அவரை அன்று வெளிநாட்டவரில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? நான்கு ஆண்டுகளின் பின், கொலைக் கருவியின் ஆட்சி நடத்திய அதே றொபெஸ்பியர் 1794 ஜூலை 28இல் அதே கருவிக்குப் பலியான செய்தி வேர்ட்ஸ்வேர்த்தை எட்டியது. இங்கிலாந்தின் வட கடற்கரை மணலில் நடந்துகொண்டிருந்தவருக்கு, தோரணங்கள் ஆடிய அந்த அராஸ் தெரு நினைவுக்கு வந்தது. ஆரவாரமாகத் தொடங்கிய ஒன்று எங்கே போய் முடிந்தது என்று அறிந்த பிறகு, அந்த முதல் நாளை நினைத்துப் பார்ப்பது எப்படியிருக்கும் என்பதை எங்கள் நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஷலோன் நகரிலிருந்து லியோனுக்கு சோன் நதியில் படகேறினார்கள். பாரிஸ் விழாவிலிருந்து ஊர் திரும்பும் பிரதிநிதிகளால் படகு நிரம்பியிருந்தது. மாலையில் கரையிறங்கி ஒன்றாக உண்டு, கைகோத்து மேசையைச் சுற்றி ஆடினார்கள். ஆங்கிலேயர் என்பதால் இருவருக்கும் தனி உபசாரம். விடுதலைப் பாதையில் தமக்கு முன் நடந்தவர்கள் இங்கிலாந்தார் என்று அந்தப் பிரெஞ்சுக்காரர் எண்ணினர். மூன்றாண்டு கழியுமுன் இரு நாடுகளும் போரில் இறங்கின.

பிறகு மலைக்காட்டுக்குள் கிரான்ட் ஷார்த்றூஸ் மடம். 1084இல் புனித புறூனோ நிறுவிய மௌன மடம் அது. துறவு விரதங்களை ஒழிக்கும் சட்டம் 1790 பெப்ரவரியிலேயே பாரிசில் நிறைவேறிவிட்டது. இவர்கள் போனபோது துறவிகள் இன்னும் உள்ளே இருந்தார்கள். 1792இல் வெளியேற்றப்பட்டார்கள். அழியப்போகிற ஒரு வாழ்க்கையைக் கடைசியாகப் பார்த்தவர்களுள் தாமும் ஒருவர் என்பது வேர்ட்ஸ்வேர்த்துக்கு அப்போது எவ்வளவு தெரிந்திருக்கும்? புரட்சியைப் போற்றிய அவரே இந்த மடத்துக்காக வருந்தியும் பாடினார். இரண்டு உணர்ச்சிகளையும் அவர் தன்னிடம் வைத்துக்கொண்டார். ஒன்றுக்காக மற்றதை விட்டுவிடவில்லை.

மலைகளைக் காணத்தானே வந்தார்? மொன்ட் பிளாங்க் சிகரத்தை முதன்முதல் கண்டபோது அவருக்கு ஏமாற்றம். மனத்திலிருந்த மலையின் இடத்தை வெறும் காட்சி ஒன்று பிடித்துக்கொண்டதாம். கீழே ஷமோனி பள்ளத்தாக்கும் அதன் பனியாறுகளும்தான் அந்தக் குறையைத் தீர்த்தன. இன்று பிரான்சின் பெருமையாகச் சொல்லப்படும் அந்தப் பள்ளத்தாக்கு அன்று பிரான்சுக்குச் சொந்தமானதல்ல, சவோய் நாட்டின் பகுதி.

அங்கிருந்து சுவிற்சர்லாந்து வழியாக சிம்ப்ளொன் கணவாய். அல்ப்ஸ் மலையை நடந்து கடப்பதுதான் முழுப் பயணத்தின் உச்சம் என்று இருவரும் காத்திருந்தார்கள். மதிய உணவுக்குப் பின் கோவேறு கழுதைக்காரர்கள் முந்திப் போய்விட, பின்தங்கிய இவர்கள் ஓர் ஓடையைக் கடந்து, மேலே ஏறிய ஒற்றையடிப் பாதையைப் பிடித்தார்கள். ஏறினார்கள், ஏறினார்கள். எதிரே வந்த குடியானவன் ஒருவன், நீங்கள் போகவேண்டிய பாதை கீழே ஓடையோடு இறங்குகிறது என்றான். நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கிடைத்த மறுமொழிகளின் பொருள் ஒன்றுதான்: அல்ப்சை அவர்கள் ஏற்கெனவே கடந்துவிட்டார்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று தெரியாது.

1792இல் இரண்டாம் முறை பிரான்சில் இருந்தபோது இந்தப் பயணத்தைப் பற்றி அவர் ஒரு கவிதை எழுதினார். 1793இல் நூலாக வெளிவந்தது. ஜோன்சுக்குக் காணிக்கையாக்கியது. ஏரி, பனி, பாறை, மாலை வெயில் எல்லாம் அலங்காரமாக வருகின்றன. சிம்ப்ளொனில் வழிதவறியது மட்டும் இல்லை. எங்கள் பரீட்சை முறைப்படி அந்தக் கவிதைக்கு நல்ல புள்ளி கிடைக்கும். தலைப்புக்கு அமைந்தது, வருணனை நிறைந்தது. (மாணவனாயிருந்த கோல்ரிட்ஜ் அதை வாசித்தே ஒரு பெருங்கவிஞன் வருகிறான் என்று கண்டுகொண்டார். ஆகவே அதை நான் முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது.) வழிதவறிய கதை எழுத்தில் வருவதற்கு 1804ஆம் ஆண்டு வரை, பதினான்கு வருடம், சென்றது. எழுதும்போதும் குடியானவனின் மறுமொழி வந்த இடத்தில் கதை சட்டென்று நின்றுவிடுகிறது. கவிஞர் பயணத்தை விட்டுவிட்டுத் தம் கற்பனா சக்தியை விளித்துப் பேசத் தொடங்குகிறார். ஆங்கிலக் கவிதையின் மிக உயர்ந்த பகுதிகளுள் ஒன்றாக அறிஞர்கள் மதிப்பது அதைத்தான். கண்ட காட்சிகளை அல்ல, காணத் தவறிய ஒன்றை.

1791இன் இறுதியில் அவர் பாரிசுக்கும் போனார். பஸ்தில் இடிபாட்டுப் புழுதியில் உட்கார்ந்து ஒரு கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் செய்கிற காரியம். ஆனால் உள்ளே இல்லாத உணர்ச்சியை வெளியே காட்டி நடித்தேன் என்று ‘பிரெலூட்’டில் ஒப்புக்கொள்கிறார். லெ பிரன் என்ற ஓவியர் வரைந்த, கண்ணீர் வடிக்கும் மக்தலேனா படம் அந்தக் கல்லைவிடத் தம்மை உருக்கிற்றாம். பஸ்தில் கல் சொல்லாத செய்தியை அடுத்த ஆண்டு லுவார் நதிக்கரைப் பகுதியில் ஓர் ஏழைச் சிறுமி சொன்னாள். பசியால் ஒடுங்கிய அவள், கையில் கட்டிய கயிற்றால் ஓர் இளம் பசுவை நடத்திக்கொண்டு, இரண்டு கையாலும் பின்னல் வேலை செய்தபடி வந்தாள். இந்த நிலைக்கு எதிராகத்தான் நாங்கள் போராடுகிறோம் என்று, கூட நடந்த மிஷேல் போப்பியி என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி அவளைக் காட்டிச் சொன்னார். விழாவும் தோரணமும் செய்யாததை அந்த ஒரு காட்சி செய்தது. வேர்ட்ஸ்வேர்த் அப்போதுதான் பிரான்சைப் பார்த்தார் என்பது என் எண்ணம்.

எனது மாணவனைக் கடந்த ஆண்டு கல்லூரி விழாவொன்றில் கண்டேன். இப்போது வளர்ந்த ஆள். பிரான்சுக்குப் போய்வந்து எழுதிய கட்டுரை ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். “ஏழு புள்ளி, சேர்” என்றான், சிரித்துக்கொண்டு. மாமாவும் அம்மாவும் சந்தித்துவிட்டார்களா என்று கேட்டேன். “இன்னும் இல்லை, சேர்.”

1790 செப்டெம்பரில் கொன்ஸ்டன்ஸ் ஏரிக்கு அண்மையிலிருந்து வேர்ட்ஸ்வேர்த் தங்கைக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், அழகான காட்சி எதைக் கண்டாலும் நீ ஒரு கணமாவது இங்கே நிற்கமாட்டாயா என்று நினைக்காமல் இருந்ததில்லை என்கிறார். டொரதி அப்போது நோர்போக்கில் மாமன் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1820இல் அண்ணனோடும் அண்ணியோடும் அவரும் அல்ப்சுக்குப் போனார். நெப்போலியன் காலத்தில் போட்ட புதிய வீதியால் சிம்ப்ளொனைக் கடக்கும்போது அண்ணன் ஓரிடத்தில் நின்று, மேலே ஏறிச்சென்ற பழைய ஒற்றையடிப் பாதையைச் சுட்டிக்காட்டினார். முப்பது ஆண்டுக்கு முன் தம்மையும் ஜோன்சையும் ஏமாற்றி அழைத்துப்போன பாதை அதுவேதான் என்று கண்டதும் அவர் எவ்வளவு நெகிழ்ந்துபோனார் என்பதைத் தம்மால் சொல்ல இயலாது என்று டொரதி அந்தப் பயணக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.