இரண்டு நிமிட மௌனத்துக்குப் பிறகு



சாவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் சங்கச் செயலாளர் அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றுமே சொல்லவில்லை. அப்புறம், "நல்ல நாளும் அதுவுமா இது எதுக்குப்பா? ஆட்டோமேஷன் பத்திப் பேசேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. காலையில் எல்லோரும் எழுந்து நின்று, மறைந்த நண்பர்களுக்காக இரண்டு நிமிடம் மௌனமாக இருந்தோம். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போகிறது.

அந்தப் பட்டியலில் என் ரூம்மேட்டும் இருக்கிறான். போன சந்திப்புக்கு ரொம்ப இளைத்துப்போய் வந்திருந்தான். "என்னடா, டயட்டா?" என்று கேட்டேன். அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான், "அப்புறம் பேசலாம் வாடா, பந்தி போயிடும்" என்று இழுத்துக்கொண்டு போனேன். அந்த 'அப்புறம்' வரவேயில்லை. மூன்று மாதத்தில் போய்விட்டான்.

அடுத்தது என் அப்பா. 2019-ல் மூளையில் ரத்தக்கசிவு. பதினோரு நாள் வென்டிலேட்டர். பன்னிரண்டாம் நாள் டாக்டர் என்னையும் தங்கையையும் உட்காரவைத்து, "நினைவு திரும்பும்னு எனக்குத் தோணலை. தொண்டையில துளை போட்டு இப்படியே தொடரலாம், இல்லேன்னா விட்டுடலாம். உங்கப்பாவைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பார்?" என்றார்.

அப்பாவின் பி.எஃப். நம்பர் எனக்குத் தெரியும். எல்.ஐ.சி. பாலிசி எந்த பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியும். இதற்குப் பதில் தெரியவில்லை. நான் "விட்டுடலாம்" என்றேன். தங்கை, "செலவைப் பாக்கறியா?" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. துளை போட்டார்கள். அப்பா இன்னும் நாற்பது நாள் கண் திறக்காமல் கிடந்தார்.

வருஷத் திவசத்தன்று அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "எதிர் வீட்டுப் பெரியவர் குழாயோட கிடந்தப்பவே அப்பா சொன்னார், எனக்கு இந்த மாதிரி வேணாம்னு." ஏம்மா அப்பவே சொல்லலை என்று கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டீங்க. என்னை யார் கேட்டா?" என்றார்.

எங்கள் அப்பத்தா இதையெல்லாம் எவ்வளவு சுலபமாகப் பேசுவாள்! டிரங்குப் பெட்டியில் சுங்குடிச் சேலை ஒன்றும் முடிச்சில் கொஞ்சம் பணமும் வைத்திருந்தாள். "நான் போனா இதைத்தான் கட்டணும், மேளம் இல்லாம தூக்கக்கூடாது, பெரியவன் வர நேரமாச்சுன்னா காத்துக்கிட்டு நாறவிடாதீங்க" என்று திண்ணையில் உட்கார்ந்து ஊருக்கே சொல்வாள். நாங்கள் சிரிப்போம். அவள் போனபோது வீட்டில் ஒரு குழப்பமும் இல்லை. அப்பாவின் சாவு திண்ணையிலிருந்து ஐ.சி.யூ.வுக்குப் போய்விட்டது. அங்கே பார்வையாளர் நேரம் அரைமணி. அதில் என்னத்தைப் பேசுவது?

இதைத் தேடிப் படித்தபோதுதான், வெளியே சிலர் இதற்காகவே கூடிப் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. சுவிட்சர்லாந்தில் பெர்னார்ட் கிரெட்டாஸ் என்ற சமூகவியலாளர் 2004-ல் சாவைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் தொடங்கினார். அதைப் பார்த்து 2011-ல் ஜான் அண்டர்வுட் லண்டனில் தன் வீட்டிலேயே 'டெத் கஃபே' நடத்தினார். டீ, கேக், பேச்சு; அவ்வளவுதான். உபதேசம் கிடையாது, முடிவு எடுப்பது கிடையாது. பிறகு பல நாடுகளுக்கும் அது பரவியது. அண்டர்வுட் 2017-ல், 44 வயதில், எதிர்பாராமல் இறந்துபோனார்.

அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்தில் கோழிக்கோடு இருக்கிறது. 1993-ல் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் அங்கே வலி நிவாரணப் பராமரிப்பு சங்கம் ஆரம்பித்தார்கள். பிறகு டாக்டர்களோடு நிற்காமல் அக்கம்பக்கத்து மக்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள். கேரள அரசு 2008-ல் இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. கூடிப் பேசினால் காரியமும் நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டமும் இப்போது நம் பக்கம்தான். குணமாக வழியில்லாத நிலையில் செயற்கையாக உயிரைப் பிடித்துவைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. முதலில் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ கையெழுத்திட்டால் போதும் என்றாக்கிவிட்டார்கள். நமக்காக முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயரையும் அதில் எழுத வேண்டும். டாக்டர்கள் குழு பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது நடைமுறைக்கு வரும். நான் எழுதிவிட்டேன். எழுத அரை மணி நேரம். அதற்கு முன் மனைவியிடம் பேச்சைத் தொடங்கத்தான் நான்கு மாதம் ஆனது.

தம்பிகளே, உங்களுக்கு இது தூரத்து விஷயம் மாதிரி இருக்கும். உங்கள் அப்பா அம்மாவுக்கு அவ்வளவு தூரமில்லை. விடுமுறைக்குப் போகும்போது, டி.வி.யை அணைத்துவிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். திட்டு விழும். எனக்கும் அம்மாவிடம் விழுந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி அவரே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

இன்று மாலை நான்கு மணிக்கு, நாமெல்லாம் ஷீட் ஒட்டிக் கோடு போட்ட அந்த டிராயிங் ஹாலில் இருபது நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம். மேடை கிடையாது, மைக் கிடையாது. கேக்குக்குப் பதில் மெஸ் மாஸ்டரின் வெங்காய பஜ்ஜி. பேச வேண்டும் என்று கட்டாயமில்லை, கேட்டுக்கொண்டும் இருக்கலாம். என் தங்கையும் வருவாள். அவளும் இந்தக் கல்லூரிதான், எலக்ட்ரானிக்ஸ். முதல் நாற்காலி அவளுக்கு.