வலைக்கு விதி எழுதுவது யார்?



கம்ப்யூட்டர் வலையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றவுடன், "இது படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கெதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பணம் அனுப்புவதும், ரயிலுக்கு டிக்கட் எடுப்பதும், பிள்ளையின் பரீட்சை முடிவு பார்ப்பதும் அந்த வலை வழியாகவே நடக்கும்போது, அது யார் சொற்படி நடக்கிறது என்று கேட்காமலிருப்பது புத்திசாலித்தனமாகுமா?

1969-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் சர்வகலாசாலையிலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திற்கு "லாகின்" என்ற இங்கிலீஷ் சொல்லை அனுப்பப் பார்த்தார்கள். இரண்டு எழுத்துப் போனவுடன் யந்திரம் நின்றுவிட்டது. குற்றத்தைக் கண்டுபிடித்துத் திருத்தி மறுபடியும் அனுப்பினார்கள். இன்றைய இன்டர்நெட் அதிலிருந்து வளர்ந்ததேயாகும்.

நிற்க, இவ்வலையில் செய்தி துண்டு துண்டாகப் போகிறது. ஒவ்வொரு துண்டின் மேலும் விலாசம் உண்டு. சந்திக்குச் சந்தி இருக்கும் ஒரு பெட்டி அதைப் படித்து வழி காட்டுகிறது. வழி காட்டும் விதியையோ, பெட்டி செய்த கம்பெனியே உள்ளே வைத்துப் பூட்டி விற்று வந்தது. காசு கொடுத்து வாங்கியவன், புது விதி வேண்டுமானால் கம்பெனி மனம் வைக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

2008-ல் ஸ்டான்போர்டு முதலிய சர்வகலாசாலைக்காரர்கள் "ஓப்பன்ஃப்ளோ" என்னும் முறையை வெளியிட்டார்கள். இதன்படி பெட்டி வெறும் கை; தனிக் கம்ப்யூட்டரில் எழுதும் புரோகிராமே மூளை. தன் கம்ப்யூட்டர் நிலையங்களை இணைக்கும் வலையை இம்முறையில் நடத்துவதாகக் கூகிள் கம்பெனி 2013-ல் தெரிவித்தது. 2014-ல் வந்த "பி4" என்னும் பாஷையோ, துண்டின் மேல் எதைப் படிப்பது, படித்து என்ன செய்வது என்பதையே எழுத இடம் கொடுத்தது.

இதில் ஆபத்தில்லையா என்றால், உண்டு. ஒரே கட்டளை எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லுவோம். 2021 அக்டோபர் 4-ந் தேதி பேஸ்புக் கம்பெனியின் வலையில் இட்ட ஒரு தப்பான கட்டளையால், வாட்ஸ்அப் உள்பட எல்லாம் உலகெங்கும் சுமார் 6 மணி நேரம் நின்றுபோயின. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வைத்திருந்த சோதனைப் புரோகிராமிலும் பிழை இருந்தது. மேலும், வழிவிடும் கட்டளை எழுதுகிற கைதானே வழிமறிக்கும் கட்டளையையும் எழுதும்?

ஆகவே தோழர்களே, இனிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: விதியை எழுதுவது யார்? எழுதியதைப் பரிசோதிப்பது யார்? பூட்டிய பெட்டிக்குள் இருந்ததும் மனிதன் எழுதிய விதிதான். மனிதன் எழுதியதை மனிதன் படிக்கலாம், திருத்தலாம். பி4 பழக விலையுயர்ந்த பெட்டி வேண்டியதில்லை. சாதாரணக் கம்ப்யூட்டரில் இலவசமாகவே பழகலாம். நம் பிள்ளைகள் போனைத் தடவத் தெரிந்தது போதாது. அதற்குப் பின்னாலுள்ள விதியை எழுதவும் அவர்கள் கற்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.