படிக்கிற பிள்ளை வேலைக்குப் போகும்போது

(பல்கலைக்கழகம் செல்லும் மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



லயத்து அறையில் படித்து உயர்தரத்தில் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போகிறீர்கள். எங்களுக்கும் பெருமைதான். ஆனால் இன்று நாங்கள் வாழ்த்து மட்டும் சொல்ல வரவில்லை. காசைப் பற்றியும் பேச வேண்டும்.

இந்த நாட்டில் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம். சாப்பாடு, பஸ் காசு, போட்டோகொப்பி, போன் டேட்டா இலவசமில்லை. மஹாபொல உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்ந்தது. அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கிடைப்பவருக்கும் சில மாதம் பிந்தி வரும். மீதிக்கு அம்மாவின் கைக்காசும் கடனும்தான். அதனால்தான் பிள்ளைகள் வேலை தேடுகிறார்கள். அது தவறில்லை. எப்படிப்பட்ட வேலை, எந்த நிபந்தனையில் என்பதே கேள்வி.

எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிறோம். முதலாம் வருடத்தில் பின்னேரம் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதம் “பழகும் மாதம்” என்று சம்பளமில்லை. அடுத்த மாதம் நான்கு மணித்தியாலம் ஆறாகியது. மேலதிக நேரத்துக்குக் காசில்லை. அடையாள அட்டையைக் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார். காலை விரிவுரைக்கு எழும்ப முடியாமல் வரவு குறைந்து, ஒரு பாடத்துக்குப் பரீட்சை எழுத விடவில்லை. வீட்டுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. தகப்பன் எங்களிடம் வந்தபோது ஆறு மாதம் கடந்திருந்தது.

அரைப்பேர் போட்டால் நாம் பெரட்டுக் களத்திலேயே கேட்கிறோம். நம் பிள்ளைக்கு டவுனில் அரைப்பேர் போட்டபோது கேட்க ஆளில்லை. அதில் எங்கள் குறையும் இருக்கிறது. தோட்ட வாயிலைத் தாண்டிய பிள்ளையைப் பற்றிச் சங்கம் விசாரிக்கவே இல்லை.

ஆகவே பிள்ளைகளே, முதலில் வேலையைப் பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே தேடுங்கள். மாணவர் நலப் பிரிவிலும் தொழில் வழிகாட்டல் பிரிவிலும் கேளுங்கள். ஆய்வுகளுக்குத் தகவல் சேகரிக்கவும் கணினியில் பதியவும் விரிவுரையாளர்களுக்கு ஆள் தேவைப்படுவதுண்டு. தமிழும் சிங்களமும் தெரிந்தால் மொழிபெயர்ப்பு வேலை தேடலாம். வார இறுதியில் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கலாம். இவற்றில் நேரம் உங்கள் கையில் இருக்கும்.

வெளியே கடைக்குப் போவதானால், முதலில் விரிவுரை நேரசூசியை எடுத்து வைத்து, மிஞ்சும் நேரத்தை மட்டும் கொடுங்கள். எத்தனை மணி, எவ்வளவு சம்பளம், எந்தத் தேதியில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வந்த நேரத்தையும் போன நேரத்தையும் கொப்பியில் குறியுங்கள். அதுதான் உங்கள் செக்ரோல். அடையாள அட்டையின் பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். பழகுவதும் வேலைதான், அதற்கும் சம்பளம் கேளுங்கள்.

பகுதிநேரம், தற்காலிகம் என்று சொல்லி ஊழியர் சேமலாப நிதியை மறுக்க முடியாது. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி சம்பளத்தில் 8 வீதம் உங்களுடையது, 12 வீதம் முதலாளி போட வேண்டியது. நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதமும் முதலாளியே கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் வெட்டக் கூடாது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் வேலை வாங்கினால் மேலதிகக் கொடுப்பனவு உண்டு. தராவிட்டால் அந்தப் பகுதித் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். அங்கே உங்கள் கொப்பி சாட்சி சொல்லும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பரீட்சை முடிந்து பல்கலைக்கழக அனுமதி வரும்வரை பிள்ளைகள் நெடுங்காலம் காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் கொழும்புக் கடைகளுக்குப் போய், கையில் காசு புழங்கியதும் படிப்பை விட்டவர்களை நமக்குத் தெரியும். அனுப்புங்கள், ஆனால் திரும்பி வரும் நாளைப் பேசி அனுப்புங்கள். பிள்ளை போனில் “நல்லா இருக்கேன்” என்றால் அதோடு விடாதீர்கள். சாப்பிட்டாயா, எத்தனை மணிக்குப் படுத்தாய், வகுப்புக்குப் போனாயா என்று கேளுங்கள்.

நாங்கள் சொன்ன பிள்ளை அந்த வேலையை விட்டாள். தொழில் அலுவலகத்துக்குச் சங்கம் கூடப் போனது. நிலுவைச் சம்பளத்தில் ஒரு பங்கு கிடைத்தது, அடையாள அட்டையும் திரும்பியது. தவறிய பாடத்தை மறு வருடம் எழுதினாள். இப்போது சனி, ஞாயிறு டியூஷன் கொடுத்துப் படிக்கிறாள்.

இந்த வருடம் போகும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும், படிக்கப் போகும் இடத்தையும் தோட்டக் கமிட்டித் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ இன்றே கொடுத்துவிட்டுப் போங்கள். சந்தா கட்டுவது நீங்கள். உங்கள் பிள்ளைக்காகப் பேசுவது எங்கள் கடமை.