வாங்கிய வண்டியும் இரண்டு தெனாரியமும்



லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று அதை நம் வீட்டு வாசலில் நிற்கும் டீசல் காரின் அருகில் வைத்துச் சிந்திப்போம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப வந்த டீசல் கார்களின் புகைப்பாதையில் துகள் வடிகட்டி ஒன்று இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை 'டி.பி.எஃப்.' என்பார்கள். தேன்கூடு போன்ற பீங்கான் உருளை அது. அதன் ஒவ்வொரு கண்ணும் ஏதாவது ஒரு முனையில் அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே புகை பக்கத்துச் சுவரின் நுண்துளை வழியாகத்தான் வெளியேற முடியும். கரி உள்ளேயே தங்கிவிடும். கரி சேர்ந்ததும், ஏறக்குறைய 600 டிகிரி சூட்டில் அது எரிந்துபோகும். அதற்கு வண்டி சற்று நேரம் நிற்காமல் ஓட வேண்டும். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே போய்வரும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது.

புதிய வடிகட்டிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சில கார்களுக்கு அது லட்சத்தையும் தாண்டும். அதனால் சிலர் குறுக்குவழி தேடுகிறார்கள். கூட்டை அறுத்து, உள்ளிருக்கும் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, மறுபடி வெல்டிங் வைத்து மூடிவிடுகிறார்கள். இன்ஜினைக் கண்காணிக்கும் கணினியின் மென்பொருளையும் மாற்றிவிடுவதால் விளக்கு எரிவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் குறை தெரியாது. உள்ளே இருப்பதோ வெறும் கூடு.

அப்படிப்பட்ட வண்டியொன்றை நாம் செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். சர்வீசுக்கு விட்ட இடத்தில், "உள்ளே வடிகட்டியே இல்லையே" என்கிறார்கள். உடனே நம் மனம் கேட்கும்: "கழற்றியது நாமா? விற்றவர் செய்த வேலைக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் புகை யாரிடம் போகிறது என்றும் பார்க்க வேண்டும். போடி, பொட்டிபுரம் பக்கத்து ஊர்களில் விடியுமுன்னே, தூக்குவாளியில் சோற்றோடு ஜீப்புக்காகச் சாலையோரம் நிற்கும் பெண்களை நாம் அறிவோம். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். போடிமெட்டுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் நாம் கியரைக் குறைத்து மிதிக்கும்போது, நம் வண்டி கக்கும் கரி பின்னால் வரும் ஜீப்பில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பவர்களின் மூச்சில்தான் கலக்கிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நுரையீரலின் அடிவரை சென்று தங்குகின்றன.

"அந்த ஜீப்பே நம் காரைவிட அதிகம் புகைவிடுகிறதே" என்று சொல்லத் தோன்றும். பழைய ஜீப் வடிகட்டி இல்லாமலே செய்யப்பட்டது. அதில் ஏறும் தாய்க்கு அன்றையக் கூலிக்கு வேறு வழியும் இல்லை. நமக்கு வழி இருக்கிறது.

"புகைச் சான்றிதழ் வாங்கிவிட்டோமே" என்றும் தோன்றும். அந்தச் சோதனை புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறது. சன்னமான துகள்களை எண்ணுவதில்லை. வடிகட்டி இல்லாத வண்டியும் அதில் தேறிவிடலாம். சான்றிதழ் கையில் இருப்பதால் அந்தத் தாய் சுவாசிக்கும் காற்று சுத்தமாகிவிடாது.

அன்பானவர்களே, சமாரியர் என்ன செய்தார்? அடித்தது யார் என்று விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. காயங்களைக் கட்டினார், சாவடிக்குக் கொண்டுபோனார், இரண்டு தெனாரியம் எடுத்துக் கொடுத்தார். அன்று ஒரு தெனாரியம் என்பது ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். காயப்படுத்தியவர்கள் கள்வர்கள், செலவழித்தவர் சமாரியர். நம் நிலையோ இன்னும் ஒரு படி நெருக்கமானது. கழற்றியவர் வேறொருவராக இருந்தாலும், இன்று சாவியைத் திருப்பி இன்ஜினை இயக்குவது நம் கை.

விற்றவரிடம் நியாயம் கேட்பதில் தவறில்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர் தரும்வரை புகை காத்திருக்காது. இன்னொரு சோதனையும் வரும்: "நமக்குச் செய்ததையே நாமும் செய்வோம், பேசாமல் அடுத்தவர் தலையில் கட்டிவிடுவோம்" என்பது. அப்படிச் செய்தால் நேற்றுவரை ஏமாந்தவர்களாக இருந்த நாம் இன்று ஏமாற்றியவர்கள் ஆகிவிடுவோம். கைமாறி வந்த இந்தக் குறை நம்மோடு நிற்கட்டும்.

வாங்குமுன்பே பார்ப்பது நல்லது. புகைக்குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கரி அப்பினால் சந்தேகப்படுங்கள். வடிகட்டிக் கூட்டில் புதிதாக வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றும்போது அந்த வண்டிக்குரிய வடிகட்டியையே போட்டு, பழைய மென்பொருளையும் சென்சார்களையும் சரிசெய்யச் சொல்லுங்கள். அது முன்பு ஏன் அடைத்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் புதியதும் அடைத்துக்கொள்ளும். உடனே முடியாதவர்கள் மாதந்தோறும் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். அதுவரை வண்டியை அவசியத்துக்கு மட்டும் எடுங்கள்.

இந்தச் செலவுக்கு யாரும் நமக்கு நன்றி சொல்லப்போவதில்லை. ஜீப்பில் போகும் அந்தத் தாய்க்கு நம் பெயர்கூடத் தெரியாது. சாலையோரம் கிடந்தவருக்கும் சமாரியரின் பெயர் தெரிந்ததாக நற்செய்தி சொல்லவில்லை. அவருக்கு அயலாராய் நடந்துகொண்டவர் யார் என்றுதான் ஆண்டவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு நம் சாலைகளில் விடைசொல்லும் மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.