பெட்டியில் கிடந்த இழைப்புளி

மரவேலை பார்த்த பெரியவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவருடைய கருவிப் பெட்டியைத் திறக்கும் பேரப்பிள்ளைகள் முதலில் கேட்பது, “ரொம்பப் பழசு, நல்ல விலைக்குப் போகுமா?” என்றுதான். உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், ரம்பம் என்று பெட்டியில் பலதும் கிடக்கும். இன்று இரும்பு இழைப்புளியை மட்டும் எடுத்துக்கொள்வோம். தன் வயதைப் பெரும்பாலும் தானே சொல்லிவிடும் கருவி அது.

இந்த இழைப்புளிக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கர். அவருடைய காப்புரிமைகளை 1869-ல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. கனெக்டிகட் மாநிலத்தில் நியூ பிரிட்டன் என்ற ஊர்க்காரர்கள் அவர்கள். கைப்பிடிக்கு முன்னால் ஒரு பித்தளைத் திருகு இருக்கும். விரலால் சுழற்றினால் அலகு இறங்கும், ஏறும். அதுவரை சுத்தியலால் தட்டித் தட்டி அலகைச் சரிசெய்த தச்சர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

சரி, உங்கள் கையில் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்து எண் அளவைச் சொல்கிறது, வயதை அல்ல. 4 என்றால் நீளம் சுமார் 9 அங்குலம். 5 என்றால் 14. 7 என்றால் 22. வயது தெரிய வேண்டுமானால் அலகைக் கழற்றிவிட்டு, கைப்பிடிக்கு முன்னால் உள்ள தளத்தை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். அழுக்குக்கு அடியில், இரும்பு வார்ப்பிலேயே காப்புரிமைத் தேதிகள் தெரியலாம். 1902-க்கு இரண்டு, 1910-க்கு ஒன்று என மூன்று தேதிகள் இருந்தால் அது ஏறத்தாழ 1910-க்கும் 1918-க்கும் இடையில் பிறந்தது. 1910-ன் தேதி மட்டும் தனியாக நின்றால் அதற்கு அடுத்த சில ஆண்டுகள். 1902 என்று கண்ணில் பட்டதுமே ‘1902-ல் செய்தது’ என்று விளம்பரம் கொடுத்துவிடுகிறார்கள் பலர். அது காப்புரிமை கிடைத்த நாள். அதற்கு முன்னால் செய்திருக்க முடியாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

அலகில் தனி முத்திரை உண்டு. இதய வடிவத்துக்குள் எஸ்.டபிள்யூ. என்ற எழுத்துகள் இருந்தால் 1920-க்குப் பிந்தியது. நெடுங்காலம் நிறுவனத் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட் என்பவரின் பெயருக்காக அந்த இதயம்! ஆனால் அலகு தேயும், மாற்றுவார்கள். உடல் ஒரு காலம், அலகு ஒரு காலம், மேல்மூடி வேறொரு காலம் என்று ஒட்டுப்போட்ட இழைப்புளிகள் ஏராளம். வேலைக்குக் குறையில்லை. சேகரிப்பவர்கள்தான் முகம் சுளிப்பார்கள்.

பித்தளைத் திருகு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு ரப்பர் திருகும், ஈட்டிமரக் கைப்பிடிக்குப் பதிலாகச் சாயம் பூசிய சாதாரண மரமும் இருந்தால், இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சரக்காக இருக்கலாம். பித்தளை அப்போது ஆயுதங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. நீல வண்ணமும் 04, 05 போன்ற எண்களும் தெரிந்தால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ரெக்கார்ட் நிறுவனத்தார் செய்தது. பெய்லி வடிவத்திலேயே 1931 முதல் அவர்கள் செய்தார்கள்.

விலைக்கு வருவோம். ஐந்தரை அங்குலமே உள்ள 1-ஆம் எண் ஸ்டான்லிக்கு அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ஆயிரம் டாலருக்கு மேலும் கொடுக்கிறார்கள். ஆசைப்பட வேண்டாம், பெட்டிகளில் பெரும்பாலும் கிடைப்பது 4-ஆம் எண்தான். ஊரெல்லாம் இருந்த கருவி, எனவே சில ஆயிரம் ரூபாய் வந்தாலே பெரிது. என்னைக் கேட்டால், வீட்டில் மரவேலைக் கை ஒன்று இருக்கும்வரை அதை விற்கவே வேண்டாம்.

விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும், கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்காதீர்கள், புது வண்ணம் பூசாதீர்கள். பளபளப்பு வரும், மதிப்பு போகும். மேல் துருவை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெல்லத் துடைத்தால் போதும். பிறகு அடிப்பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுங்கள். வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அலகு எட்டிப்பார்க்கும் அந்த வாயைத்தான். அங்கே மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் பாதி விலை கழன்றுவிடும். இருந்தால் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.